நாங்கள் கொடுக்காத நற்சான்றுக் கடிதம்

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில், நாங்கள் நியூசிலாந்துக்கு வந்து மூன்றாவது வருடம் நடந்தது இது. ஆக்லாந்தில் ஒனிஹங்கா என்ற பகுதியில் ஒரு பழைய பலகை வீட்டில் வாடகைக்கு இருந்தோம். நான், என் கணவர், பதினொரு வயது மகள், மூன்றே பேர். கணவருக்கு மங்கரேயில் விமான நிலையத்தை ஒட்டிய சரக்குக் கிடங்கில் வேலை. எனக்கு வீட்டிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் ஒரு தையல் தொழிற்சாலை. நாள் முழுக்கச் சட்டைகளுக்குக் கொலர் வைத்துத் தைப்பேன். கார் கிடையாது. சொந்தம் என்று சொல்ல அந்த ஊரில் ஒருவரும் கிடையாது.

மகள் நன்றாக ஓடுவாள். "பங்கருக்குள்ள ஓடி ஓடிப் பழகின கால்" என்று, குண்டுவீச்சு நாட்களில் பதுங்குகுழிக்கு ஓடியதை வைத்து என் கணவர் பகிடியாகச் சொல்வார். யாழ்ப்பாணத்தை விட்டு வரும்போது அவளுக்கு எட்டு வயது. இங்கே பள்ளிக்கூடத்தில் அவள் ஓடுவதைப் பார்த்த ஆசிரியை, சனிக்கிழமைகளில் பக்கத்துப் பூங்காவில் நடக்கும் சிறுவர் ஓட்டக் கழகத்தில் சேர்த்துவிடச் சொன்னார். அங்கேதான் அந்தப் பயிற்சியாளரைச் சந்தித்தோம். பெரியவர்கள், பிள்ளைகள் எல்லாருக்குமே அவர் 'கோச்'தான். அறுபது வயது தாண்டியவர். வேலையிலிருந்து ஓய்வு பெற்று, சம்பளம் எதுவும் வாங்காமல் இருபது வருடத்துக்கு மேலாக அந்தக் கழகத்தை நடத்திவந்தார்.

அவர் எங்களுக்குச் செய்த உதவியைச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்ல முடியாது. என் கணவர் ஊரில் வங்கியில் இருந்தவர். இங்கே எந்த வேலைக்கு எழுதிப்போட்டாலும், "இந்த நாட்டில் உங்களைத் தெரிந்த ஒருவரிடம் நற்சான்றுக் கடிதம் வாங்கி வாருங்கள்" என்பார்கள். எங்களை யாருக்குத் தெரியும்? ஒரு சனிக்கிழமை, மைதான ஓரத்தில் தனியாக நின்ற என் கணவரிடம் கோச் தானாக வந்து பேச்சுக் கொடுத்தார். விஷயம் தெரிந்ததும் அடுத்த சனிக்கிழமையே கடிதத்தோடு வந்தார். கடிதத்தோடு நிற்கவில்லை, சரக்குக் கிடங்கு மேலாளரைத் தொலைபேசியில் கூப்பிட்டு, இவர் நேர்மையானவர், நான் பொறுப்பு என்று சொல்லியிருக்கிறார். அந்த வேலை கிடைத்த பிறகுதான் எங்களுக்கு இந்த வீடே கிடைத்தது. முதல் குளிர்காலத்தில் ஒரு ஹீட்டரைக் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டு, நான் தேநீர் போடுவதற்குள் போய்விட்டார். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் எங்கள் வீட்டிலிருந்து பலகாரம் போகும் ஒரே வீடு அவருடையதுதான்.

கோச்சுக்கு உதவியாக ஒருவர் இருந்தார். நாற்பது வயதிருக்கும். வேறு மைதானங்களில் போட்டி நடக்கும் நாட்களில் பிள்ளைகளை ஒரு வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய், முடிந்ததும் ஒவ்வொருவரையும் வீட்டு வாசலில் இறக்கிவிடுவது அவர் வேலை. என்னைப் போலக் கார் இல்லாதவர்களுக்கு அது பெரிய உதவியாக இருந்தது. மகளோடு ரிலே அஞ்சல் ஓட்ட அணியில் இருந்த ஒரு சிறுமியும் அதே வானில்தான் போய்வருவாள். மகளுக்கு மிக நெருங்கிய தோழி. அவளுக்குத் தாய் மட்டும்தான். அந்தத் தாய் ஒரு முதியோர் இல்லத்தில் ஷிஃப்ட் வேலை பார்த்தார். எங்கள் வீடு பூங்காவுக்குப் பக்கம் என்பதால் மகள் முதலில் இறங்கிவிடுவாள். தோழியின் வீடு கடைசி.

கோடைக்காலம் முடியப்போகும் சமயம், ஒருநாள் அந்த உதவியாளரைப் பொலிஸ் பிடித்துக்கொண்டு போனது. அந்தத் தோழி தன் தாயிடம் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள். தாய் அவளையும் கூட்டிக்கொண்டு நேரே பொலிஸுக்குப் போயிருக்கிறார். அந்தக் குழந்தைக்கு என்ன நடந்தது என்பதை நான் இங்கே எழுதப்போவதில்லை. எந்தக் குழந்தைக்கும் நடக்கக்கூடாதது.

செய்தி கேட்ட அன்று நான் மகளை அறைக்குள் கூட்டிக்கொண்டு போய், "உனக்கு அவர் ஏதும் செய்தவரோ?" என்று கேட்டேன். இல்லை என்று தலையை ஆட்டினாள். இரண்டு தரம் கேட்டேன். இரண்டு தரமும் இல்லை. அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். அதற்கு மேல் நான் ஒன்றும் கேட்கவில்லை. அந்த ஒரு 'இல்லை' எனக்குப் போதுமாக இருந்தது. இன்றைக்கும் அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

நாலைந்து நாளில் பத்திரிகையில் இன்னொரு செய்தி வந்தது. சில வருடங்களுக்கு முன்பே வேறு ஒரு தாய் இந்த உதவியாளரைப் பற்றிக் கோச்சிடம் முறையிட்டிருக்கிறார். கோச் அந்த ஆளைத் தனியாகக் கூப்பிட்டுக் கண்டித்து, இனி அப்படி ஒரு பேச்சே வராது என்று வாக்கு வாங்கிக்கொண்டு, வான் சாவியைத் திரும்பவும் அவர் கையிலேயே கொடுத்திருக்கிறார். பொலிஸுக்கும் சொல்லவில்லை, மற்றப் பெற்றோருக்கும் சொல்லவில்லை.

அதோடு ஊர் பற்றிக்கொண்டது. தெருமுனை டெய்ரிக் கடையில் பால் வாங்கப் போனாலும் அதே பேச்சு, பஸ் நிறுத்தத்திலும் அதே பேச்சு. எங்கள் தொழிற்சாலையில் தேநீர் இடைவேளையில் ஒருத்தி, செய்தவனைவிட அதை மூடி மறைத்தவனுக்குத்தான் முதலில் தண்டனை கொடுக்க வேண்டும் என்று மேசையில் அடித்துச் சொன்னாள். கோச்சின் வேலியில் யாரோ சிவப்பு பெயின்டால் கெட்ட வார்த்தை எழுதினார்கள். வீட்டு ஜன்னலுக்குக் கல் வந்தது. நான் எதுவும் பேசவில்லை. பேசினால் எங்கள் வீட்டு ஹீட்டர் ஞாபகத்துக்கு வரும்.

ஒரு செவ்வாய்க்கிழமை பின்னேரம் கோச் எங்கள் வீட்டுக்கு வந்தார். கணவருக்கு அன்று ஓய்வு நாள். இரண்டு வாரத்தில் மனிதர் பத்து வயது கூடியவர்போல ஆகியிருந்தார். தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்துக்கொண்டு, நான் கொடுத்த தேநீரைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூட மண்டபத்தில் பெற்றோர் கூட்டம் வைக்கிறார்கள். தன்னைத் தெரிந்த சில குடும்பங்கள் தன் குணத்தைப் பற்றி ஒரு கடிதம் எழுதித் தந்தால் அங்கே வாசிக்கலாம். ஒரு மனிதனுடைய வாக்கை நம்பியது தன் தவறுதான். ஆனால் தன்னிடம் வந்தது ஒரேயொரு தாய். அவரும் எதையும் தெளிவாகச் சொல்லவில்லை. ஒரு பிள்ளையாவது தன்னிடம் வந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றைக்கே நடவடிக்கை எடுத்திருப்பேன் என்றார். அதைச் சொல்லும்போது அவர் குரல் உடைந்தது.

என் கணவர் எழுந்துபோய் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். கட்டாயம் எழுதித் தருகிறோம் என்றார்.

மகள் சமையலறை வாசலில் புத்தகத்தோடு நின்றதை நான் பார்த்தேன். கோச் புறப்படும்போது வந்து குட்பை சொல்லவில்லை. வழக்கமாக ஓடி வருகிறவள். கூச்சமாக்கும் என்று நினைத்தேன்.

அன்றிரவே கணவர் கடிதத்தை எழுதத் தொடங்கிவிட்டார். அவருக்கு ஆங்கிலம் நன்றாக வரும். அடுத்த நாளும் எழுதினார், திருத்தினார். புதனும் வியாழனும் மகள் சாப்பிடவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். வியாழன் பின்னேரம் நான் வேலை முடிந்து வந்தபோது, அவள் சாப்பாட்டு மேசையில் அந்தக் கடிதத்தை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கடிதத்தில் ஒரு வரியின் மேல் விரலை வைத்தாள்.

"அம்மா, திஸ் இஸ் நாட் ட்ரூ."

பிள்ளைகள் சொல்வதை எப்போதும் காதுகொடுத்துக் கேட்பவர் என்று கணவர் எழுதியிருந்த வரி அது.

பிறகு அவள் ஆங்கிலத்திலும் தமிழிலும் மாறிமாறிச் சொல்லிக்கொண்டே போனாள். போன வசந்த காலத்தில் ஒரு சனிக்கிழமை, மழைக்காகப் பயிற்சி நின்றுபோன நேரம். கோச் கழகக் கொட்டகையில் உட்கார்ந்து ஓட்ட நேரங்களைப் பேப்பரில் பதிந்துகொண்டிருந்தார். இவள் சேறு அப்பிய ஒரு சப்பாத்தைக் கையில் பிடித்துக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றிருக்கிறாள். தோழியால் சொல்ல முடியவில்லை, அதனால் இவளை அனுப்பியிருக்கிறாள். "என் தோழியை எனக்கு முன்பே இறக்கிவிடச் சொல்ல முடியுமா? வான் ஓட்டுகிறவருடன் தனியாகக் கடைசியில் இருக்க அவளுக்குப் பயம். அவர் அவளிடம் நல்லவிதமாக நடப்பதில்லை" என்று கேட்டிருக்கிறாள். கோச் பேப்பரிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. அவர் தன் சனிக்கிழமைகளை எல்லாம் உங்களுக்காகத் தருகிறார், நமக்கு உதவி செய்கிறவர்களைப் பற்றி அப்படிப் பேசக்கூடாது, போய்ச் சப்பாத்தைப் போட்டுக்கொள் என்று சொல்லிவிட்டார்.

நான் கேட்டுக்கொண்டிருந்தேன். கோபம் தலைக்கு ஏறியது. செவ்வாய்க்கிழமை எங்கள் கதிரையில் உட்கார்ந்துகொண்டு, ஒரு பிள்ளையும் சொல்லவில்லை என்று அழுதாரே.

"ஏன் பிள்ளை என்னட்ட நீ இதைச் சொல்லேல்லை?" என்று கேட்டேன்.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். பதிலைத் தமிழில் சொன்னாள்.

"உங்களுக்கும் சொன்னனான்."

முதலில் எனக்கு ஒன்றும் ஞாபகம் வரவில்லை. பிறகு வந்தது. அதே வாரம்தான். அப்போது தொழிற்சாலை வேலை போதாதென்று வீட்டிலும் தைத்துக்கொண்டிருந்தேன். அவள் மெஷினுக்குப் பக்கத்தில் வந்து நின்று, தனக்கு அந்த வான் ஓட்டுகிறவரைப் பிடிக்கவில்லை என்றாள். நான் மிதியிலிருந்து காலை எடுக்கவில்லை. "எங்களுக்கு உதவி செய்யிற ஆக்களைப் பற்றி அப்பிடிக் கதைக்கக்கூடாது" என்றேன். கோச் சொன்ன அதே வசனம். அவர் ஆங்கிலத்தில் சொன்னதை நான் தமிழில் சொல்லியிருக்கிறேன். பெரியவர்கள் எல்லாரும் ஒரே மாதிரித்தான் சொல்வார்கள் என்று அந்தப் பிள்ளை முடிவுசெய்து, அதோடு வாயை மூடிக்கொண்டது.

எங்கள் வளர்ப்பில் தாய் தகப்பன் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்கிற வழக்கம் இல்லை. எப்படிக் கேட்பது என்றும் எனக்குத் தெரியவில்லை. அவள் பக்கத்தில் நிலத்தில் உட்கார்ந்து, "நீ சரியாத்தான் சொன்னனீ. நான்தான் கேக்கேல்லை" என்று மட்டும் சொன்னேன். அவள் அப்போதுதான் அழுதாள். தோழிக்கு நடந்ததெல்லாம் தான் சரியாகச் சொல்லாததால்தான் நடந்தது என்று அத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

கணவர் வேலையால் வந்ததும் சொன்னேன். அவர் நம்ப மறுத்தார் என்று சொல்ல மாட்டேன். நம்பக் கஷ்டப்பட்டார்.

"ஒரு நிமிசக் கதை. அந்தாள் மறந்திருப்பார். வேணுமெண்டு பொய் சொல்லுற மனுசன் இல்லை."

"மறந்திருக்கலாம். ஆனா இவள் சொன்னது உண்மைதானே."

"அந்த மனுசன் இல்லாட்டி நாங்கள் இண்டைக்கு இந்த வீட்டில இல்லை. ஊரே கல்லெறியிற நேரம் நாங்களும் சேந்து எறியிறதோ?"

"கல்லெறியச் சொல்லேல்லை. இந்தக் கடிதத்தைக் குடுக்க வேண்டாம் எண்டுதான் சொல்லுறன்."

அவர் எழுந்து போனார். மகளின் அறை வாசலில் நெடுநேரம் நின்றார். உள்ளே போய் என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது, நான் கேட்கவும் இல்லை. அடுத்த நாள் காலை, அந்த வேலைக்குச் சேர்ந்த பிறகு முதல் தடவையாக, வரமாட்டேன் என்று கிடங்குக்குத் தொலைபேசி எடுத்துச் சொன்னார். மூன்று பேரும் பஸ் எடுத்துப் பொலிஸ் நிலையத்துக்குப் போனோம்.

ஊரில் பொலிஸ் நிலைய வாசலைக் கண்டாலே மறுபக்கம் போகிறவர்கள் நாங்கள். உள்ளே போகும்போது மகளின் கையை நான் விடவில்லை. ஆனால் அங்கே ஒரு பெண் அதிகாரி மகளைச் சின்ன அறை ஒன்றில் உட்காரவைத்து, சூடாகச் சொக்கலேட் பால் கொடுத்து, அவசரப்படுத்தாமல் கேட்டார். முடிந்ததும் அவளிடம், நீ சொன்னது உன் தோழிக்குப் பெரிய உதவி, அவள் அந்த நேரத்திலேயே பயந்துபோயிருந்தாள் என்பதற்கு நீதான் சாட்சி என்றார். மகள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். கூட்டத்தில் நான் பேச நினைத்தால் பேசலாம், ஆனால் பிள்ளைகளின் பெயரையும் அந்த ஆள் செய்ததையும் சொல்லக்கூடாது என்று என்னிடம் சொல்லி அனுப்பினார். உண்மையில் அதுவரை நான் பேசுகிற யோசனையிலேயே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்குப் பிறகு கூட்டம். மண்டபத்தில் கதிரைகள் போதாமல் ஆட்கள் சுவரோரமாக நின்றார்கள். மகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு நாங்கள் நடுவில் உட்கார்ந்தோம். தோழியின் தாய் வரவில்லை. கோச் முன்னால் தனியாக ஒரு கதிரையில் இருந்தார். கூட்டத்தை நடத்தியவர் பேசி முடிப்பதற்குள் சத்தம் தொடங்கிவிட்டது. வெட்கம் கெட்டவன் என்று ஒருவர். நீயும் அவனோடு உள்ளே இருக்க வேண்டியவன் என்று இன்னொருவர். இந்த ஊரில் இவர் குடியிருக்கக்கூடாது, எல்லாருமாக இவர் வீட்டுக்குப் போவோம் என்று பின்னால் இருந்து ஒரு குரல். அதற்குக் கைதட்டல். சொந்தப் பிள்ளையை அதே வானில் ஏற்றி அனுப்பியவர்களின் கோபம் அது. எனக்கும் அந்தக் கோபம் இருந்தது.

அப்போது ஒரு பெண், எத்தனை பேர் உங்களிடம் வந்து சொன்னார்கள், அதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள் என்று கேட்டார். கோச் எழுந்து, ஒருவர், ஒரு தாய் மட்டும், எந்தப் பிள்ளையும் என்னிடம் சொல்லவில்லை என்றார்.

நான் எழுந்து நின்றுவிட்டேன். என் கணவர் என் முகத்தைப் பார்த்தார், தடுக்கவில்லை. அத்தனை வெள்ளைக்காரர்கள் நடுவில் நான் அதுவரை வாய் திறந்ததே இல்லை. கடையில் மிச்சக் காசு குறைந்தால்கூடக் கேட்காமல் வந்துவிடுவேன். உடைந்த ஆங்கிலத்தில் பேசினேன். இவர் என் கணவருக்கு வேலை எடுத்துத் தந்தவர். குளிருக்கு எங்களுக்கு ஹீட்டர் தந்தவர். அது உண்மை. ஒரு பிள்ளை இவரிடம் மழை நாளில் கொட்டகையில் போய்ச் சொன்னாள், இவர் தலை நிமிர்ந்து பார்க்கவில்லை. அதுவும் உண்மை. அந்தப் பிள்ளை என் மகள்.

மண்டபம் அதிர்ந்தது. கைதட்டினார்கள், கத்தினார்கள். பக்கத்தில் இருந்த ஒருவர் என் தோளில் தட்டிக்கொடுத்தார். அந்தக் கைதட்டலோடு உட்கார்ந்திருக்கலாம். உட்கார முடியவில்லை. சத்தம் அடங்கும்வரை நின்றுவிட்டு மிச்சத்தையும் சொன்னேன். அதே வாரம் அவள் என்னிடமும் சொன்னாள். நானும் கேட்கவில்லை. நான் அவளுடைய தாய்.

கைதட்டியவர்கள் நிறுத்திவிட்டார்கள். பிறகு பின்னால் இருந்து ஒருவர், நீங்களும் அவரும் ஒன்றில்லை, அவர் பொறுப்பில் இருந்தவர் என்றார். அது சரிதான். முன்பே ஒரு தாய் வந்து எச்சரித்திருந்ததும், சாவியைத் திருப்பி வாங்கும் அதிகாரம் இருந்ததும் அவருக்குத்தான், எனக்கில்லை. அவருடைய தவறை நான் சுமக்கவும் முடியாது, குறைக்கவும் முடியாது. ஆனால் என்னுடையதை மறைத்து வைத்துக்கொண்டு அவரைச் சுட்டிக்காட்ட என்னால் முடியவில்லை, அவ்வளவுதான்.

முன்வரிசையில் ஒரு பெண் எழுந்தார். போன வருடம் என் மகன் அந்த வானில் போகமாட்டேன் என்று அடம்பிடித்தான், சோம்பேறி என்று திட்டி அனுப்பினேன் என்றார். சொல்லிவிட்டு நின்றபடியே அழுதார். பிறகு ஒரு தகப்பன் எழுந்து, தன் பிள்ளை சொல்லித் தான் கேட்காமல் விட்ட ஒன்றைச் சொன்னார். கோச் வீட்டுக்குப் போவோம் என்று கத்திய அதே குரல் அதற்குப் பிறகு கேட்கவில்லை. இன்று வீட்டுக்குப் போய் ஒவ்வொருவரும் தங்கள் பிள்ளையிடம் எப்படிக் கேட்பது என்று ஒருவர் கேட்டார். பொலிஸிலிருந்து வந்திருந்த ஒரு பெண் எழுந்து அதை விளக்கினார். எல்லாரும் கேட்டார்கள், சிலர் எழுதிக்கொண்டார்கள்.

கோச் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். மறுத்து ஒரு சொல் சொல்லவில்லை. கூட்டம் முடிவதற்கு முன் எழுந்து பக்கவாட்டுக் கதவை நோக்கி நடந்தார். வெளியே நாலைந்து பேர் ஆத்திரத்தோடு நின்றது ஜன்னலில் தெரிந்தது. என் கணவர் எழுந்துபோய் அவரோடு சேர்ந்து நடந்தார். கார் வரைக்கும் பக்கத்திலேயே போய், அவர் புறப்பட்ட பிறகுதான் திரும்பி வந்தார். வீட்டுக்கு நடக்கும்போது, "கடிதம் குடுக்கேலாது. கூட நடக்கலாம்தானே" என்று மட்டும் சொன்னார்.

அடுத்த நாள் காலை நான் தோழியின் தாயைத் தேடிப் போனேன். வாசலில் நின்றபடியே, என் மகள் எனக்குச் சொன்னதையும் நான் கேட்காமல் விட்டதையும் சொன்னேன். அவர் முழுவதையும் கேட்டார். இதை இப்போது என்னால் தாங்க முடியவில்லை என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார். அது நியாயம். திரும்பி நடந்து நேரே வேலைக்குப் போனேன்.

ஒரு வாரம் கழித்துக் கோச் மறுபடி வந்தார். வேலிக் கேற்றுக்கு வெளியே நின்றுகொண்டு, உங்கள் மகளோடு பேச அனுமதி உண்டா, அவள் விரும்பாவிட்டால் போய்விடுகிறேன் என்றார். மகளிடம் கேட்டேன். யோசித்துவிட்டு, உள்ளே வரவேண்டாம், வாசலில் நின்று பேசட்டும் என்றாள். அப்படியே நடந்தது. நானும் அவளுக்குப் பக்கத்தில் நின்றேன்.

எனக்கு ஞாபகம் வந்துவிட்டது என்றார் அவர். அன்று மழை. உன் கையில் ஒரு சப்பாத்து இருந்தது. நீ சொன்னது எனக்குக் கேட்டது, ஆனால் அதைக் கேட்க நான் விரும்பவில்லை. நீ செய்தது சரி, நான் செய்தது தவறு. இதைப் பொலிஸிலும் எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் வந்தேன்.

மகள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். தன் தோழியிடம் இதைச் சொன்னாரா? அவள் அம்மா என்னைப் பார்க்க விரும்பவில்லை, அது அவருடைய உரிமை, கடிதமாக எழுதிக் கொடுத்திருக்கிறேன், அவர்கள் விரும்பும்போது வாசிக்கலாம் என்றார். "ஓகே" என்றாள் மகள். மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, நானும் சொல்லச் சொல்லவில்லை. அவர் தலையைக் குனிந்துவிட்டுப் போனார். பிறகு அந்த ஊரை விட்டே போய்விட்டதாகக் கேள்விப்பட்டோம்.

அவர் எழுதிக் கொடுத்ததும் மகள் சொன்னதும் அந்தச் சிறுமி சொன்னதோடு பொருந்தியது. சில மாதங்களில் அந்த உதவியாளர் குற்றத்தை ஒப்புக்கொண்டார். அதனால் அந்தக் குழந்தை நீதிமன்றத்தில் ஏறி நின்று எல்லாவற்றையும் திரும்பச் சொல்ல வேண்டி வரவில்லை. அந்தச் செய்தியை எங்களிடம் கொண்டுவந்தது தோழியின் தாய். வேலை உடுப்போடு, நேரே ஷிஃப்ட் முடிந்து வந்திருந்தார். உள்ளே வந்து உட்கார்ந்து தேநீர் குடித்தார். போகும்போது, தனக்குப் பின்னேர ஷிஃப்ட் உள்ள நாட்களில் பள்ளிக்கூடம் விட்டதும் தன் மகள் இங்கே வந்து இருக்கலாமா என்று கேட்டார். வரட்டும் என்று தலையை ஆட்டினேன். அந்தக் குளிர்காலம் முழுக்க இரண்டு பேரும் எங்கள் சாப்பாட்டு மேசையில்தான் வீட்டுப்பாடம் செய்தார்கள். முதல் நாட்களில் அந்தப் பிள்ளை கதவைப் பார்த்த மாதிரித்தான் உட்காரும். நான் அதற்காகவே மேசையைத் திருப்பிப் போட்டேன். இங்கே குளிர்காலம் முடியப்போகும் ஓகஸ்ட் மாதமளவில் எந்தப் பக்கம் உட்காருகிறோம் என்பதையே அவள் மறந்துவிட்டாள். ரொட்டியும் சம்பலும் கேட்டு வாங்கிச் சாப்பிடத் தொடங்கினாள், உறைப்பில் கண்ணீர் வரவர.

நான் அந்த வருடம் கார் ஓட்டப் பழகினேன். முதல் சோதனையில் தோற்று, இரண்டாவதில் லைசென்ஸ் எடுத்தேன். இனி என் பிள்ளை யாரோடு எங்கே போகிறாள் என்பதை நான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று தோன்றியதால் வந்த துணிச்சல் அது. கழகம் வசந்த காலத்தில் திரும்பத் தொடங்கியபோது புதுப் பயிற்சியாளராக ஓர் இளம் பெண் வந்தார். பெரியவர் ஒருவர் தனியாகப் பிள்ளைகளை வண்டியில் ஏற்றக்கூடாது, எப்போதும் இரண்டு பேர் வேண்டும் என்று பெற்றோரே விதி போட்டார்கள். யார் எந்தச் சனிக்கிழமை என்ற பட்டியலில் என் பெயரும் தோழியின் தாய் பெயரும் சேர்ந்தே இருந்தன. கூட்டத்தில் சத்தம் போட்டவர்களில் பாதிப்பேர் அந்தப் பட்டியலில் இருந்தார்கள். மீதிப்பேர் வரவில்லை. வந்தவர்கள் போதுமாக இருந்தார்கள்.

தோழி முதல் இரண்டு சனிக்கிழமை மைதான ஓரத்தில் அம்மாவோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றாவது வாரம் அவளாகவே சப்பாத்தைக் கட்டினாள். ஓட்டத்தில் கடைசிக்கு முந்திய ஆளாக வந்தாள். மூச்சு வாங்க, முகமெல்லாம் சிவந்து, என் மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் தாய் என் கையை இறுகப் பிடித்தார்.

இருவரும் இப்போது நாற்பதைத் தொடும் பெண்கள். தோழிக்கு இரண்டு பிள்ளைகள். இன்றும் என்னைப் பார்க்க வருவாள். அந்த மனிதர் எங்களுக்குச் செய்த நன்மையை நான் மறக்கவில்லை, மறுக்கவும் மாட்டேன். ஆனால் நமக்கு நன்மை செய்த ஒருவரைப் பற்றி ஒரு பிள்ளை தயங்கித் தயங்கி ஏதோ சொல்ல வரும்போது, அந்த நன்மையை ஒரு பக்கம் வைத்துவிட்டு முதலில் பிள்ளையைக் கேட்க வேண்டும் என்பதை எனக்குச் சொல்லித்தந்தவள் என் பதினொரு வயது மகள். அதைக் கற்றுக்கொள்ள நான் கொஞ்சம் பிந்திவிட்டேன். அதனால்தானோ என்னவோ, இன்றுவரை ஒருநாள்கூட அதை மறந்திருக்க என்னால் முடிந்ததில்லை.